படகுக்கு முன்னால் போன படம்

இதில் ஒரு சொல் பொய் கிடையாது. தூத்துக்குடி உப்பை இடது கையில் அள்ளி வைத்துக்கொண்டுதான் வலது கை இதை எழுதுகிறது. ஓர் எழுத்து கூடக்குறைய இருந்தாலும் உப்போடு சேர்ந்து அந்தக் கையும் கரையட்டும். கணினி தெரியாதவர்கள் இதைப் படித்தவுடன் நம்பிவிடுவார்கள். நன்றாகத் தெரிந்தவர்கள் நம்புவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

லூர்து கொரேரா முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் கப்பல் ரேடார் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே கணினிகளைத் திறக்க ஆரம்பித்துவிட்டார். ரேடாரும் கணினியும் ஒன்றே என்பது அவர் கட்சி. இரண்டிலும் திரை உண்டு; இரண்டிலும் தெரிவது ஒன்று, இருப்பது வேறு. எதிலும் அவருக்குச் சந்தேகம் வந்து யாரும் பார்த்ததில்லை. கல்யாணத்தன்று கோவிலில் பாதிரியார் "சம்மதமா?" என்று கேட்டதற்கு, "அதிலென்ன சந்தேகம்?" என்று திருப்பிக் கேட்டவர் அவர்.

அவருடைய மனைவியின் தம்பி தஸ்நேவிஸ், கடற்கரைச் சாலைக்குப் பின்னாலுள்ள சந்தில் 'விடிவெள்ளி கேமிங் சென்டர்' நடத்திவந்தான். ஏழு கணினிகள். ஏழிலும் லினக்ஸ். ஏன் லினக்ஸ் என்று யாராவது கேட்டால் தஸ்நேவிஸ் தன் அத்தானைக் கைகாட்டுவான். அத்தானைக் கேட்டால், "பானெட்டைத் திறக்க முடியாத வண்டியில நான் ஏற மாட்டேன்வே," என்பார். திறக்க முடிகிற வண்டியை அவர் தினமும் திறந்துகொண்டே இருந்தார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்தக் கடைக்கு அமலோற்பவம் வந்தாள். வயது இருபத்தொன்பது. ஐஸ் கம்பெனி வாசலில் மீன் வண்டிகளுக்குச் சீட்டு எழுதுகிற வேலை. சீட்டு எழுதாத நேரமெல்லாம் 'வேவ்பேக்' என்ற படகுப் பந்தய விளையாட்டில் இருப்பாள். இந்திய அணிக்கு ஆள் எடுக்கும் இறுதிப் பந்தயத்துக்கு இரண்டு வருடம் தொடர்ந்து தேறி, இரண்டு வருடமும் கடைசித் திருப்பத்தில் தோற்றிருந்தாள். இரண்டு முறையும் அவள் சொன்னது ஒன்றுதான்: "நான் திருப்பினேன். படகு திரும்பலை."

ஊர் அதற்கு, ஆடத் தெரியாதவள் தெருக்கோணல் என்றாளாம் என்று பதில் சொல்லிவிட்டது. வீட்டில் சொன்னார்கள், ஐஸ் கம்பெனியில் சொன்னார்கள், பாவசங்கீர்த்தனத்தின்போது பாதிரியார்கூட லேசாகச் சொன்னார். ஓர் ஆளுக்கு மூன்றே வாய்ப்பு என்பது போட்டி விதி. வருகிற ஞாயிறு மூன்றாவது. அணியில் இடம் கிடைப்பது இருக்கட்டும். தன் சொல் பொய்யில்லை என்று காட்ட அவளுக்கு இனி இருந்தது அந்த ஒரு பந்தயம்தான்.

"அண்ணாச்சி, நாலாம் நம்பர் மெஷின் இழுக்கு," என்றாள் கொரேராவிடம்.

"எவ்வளவு இழுக்கு?"

"எவ்வளவுன்னு கேட்டா? நான் வலது பக்கம் அமுக்குதேன். அது 'அப்பிடியா, வீட்ல கேட்டுச் சொல்லுதேன்'னு சொல்லிட்டுத் திரும்புது. நடுவுல படம் வேற விக்குது."

கடையின் மூலையில் சூசை மிக்கேல் சிரித்தார். விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச் ஓட்டி ஓய்ந்த மனிதர். விளையாட மாட்டார். மின்விசிறிக்காகவும் பிறரைக் குறை சொல்லவும் தினமும் வருகிறவர். "மெஷினுக்கு வாயிருந்தா அது உன்னையப் பத்தி என்ன சொல்லுமோ," என்றார்.

கொரேரா அவரைப் பொருட்படுத்தவில்லை. கைபேசியை எடுத்து மெதுநகர்வுப் படம் பிடிக்கும்படி வைத்தார். அமலோற்பவத்தின் விரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி நிறுத்தி, ஒருமுறை அமுக்கச் சொன்னார். பிறகு பிடித்த படத்தை ஒவ்வொரு துண்டாக நகர்த்தி எண்ணினார். விரல் இறங்கிய பிறகு படகு திரும்ப எடுத்த நேரம் நூற்றுப் பதினெட்டு மில்லி செகண்ட்.

"கண்ணைச் சிமிட்டுற நேரத்துல பாதிகூட இல்லையே அத்தான்," என்றான் தஸ்நேவிஸ்.

"அந்தப் பாதிக்குள்ளதாம்ல என் ரெண்டு ஃபைனலும் போச்சு," என்றாள் அமலோற்பவம்.

"கவலைப்படாதே," என்றார் கொரேரா. "நூத்திப் பதினெட்டும் ஒரே இடத்துல இருக்காது. வீட்டுக்கு வீடு ஒளிஞ்சிருக்கும். ஒவ்வொண்ணாப் புடிச்சு வெளிய போடுதேன்."

பழுது பார்ப்பதில் அவருக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். மாற்றியதை அப்போதே எழுதி வைக்கவேண்டும். கப்பலில் இதற்கென்று தடித்த நோட்டுப் புத்தகம் இருக்கும். கடையில் அவர் கைக்கு எட்டியது எண்ணெய் மண்டி கொடுத்த தினசரிக் காலண்டர். அன்றைய தாளில் இராகு காலத்துக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில், எதை மாற்றினார், எவ்வளவு குறைந்தது என்று பொடி எழுத்தில் எழுதினார்.

முதலில் திரையில் ஜன்னல்களுக்கு நிழலும் பளபளப்பும் போடுகிற கம்பாசிட்டர் என்ற நிரலை நிறுத்தினார். "கல்யாண வீட்ல தோரணம் கட்டுறவன் மாதிரி. படம் இவன் கையைத் தாண்டித்தான் வெளிய வரணும். பந்தயத்துக்கு எதுக்குத் தோரணம்?" இருபத்திரண்டு போயிற்று. மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காகச் செயலியைத் தூங்கவைத்துத் தூங்கவைத்து எழுப்பிய ஏற்பாட்டை மாற்றினார், முப்பத்தொன்று. திரை தயாராகும்வரை படத்தைப் பிடித்து நிறுத்தி, மினி பஸ்காரன் ஆள் சேருகிறவரை நிற்பதுபோல் நின்ற விசிங்க் என்ற ஏற்பாட்டை அணைத்தார், முப்பத்துநான்கு. யாரும் கேட்காமலே வட்டிலுள்ள கோப்புகளை எல்லாம் எண்ணிக்கொண்டிருந்த ஒரு நிரலை வீட்டுக்கு அனுப்பினார், ஒன்பது.

படம் விக்குவதற்குக் காரணம் வேறு. "புதுசா ஒரு அலை, புதுசா ஒரு வெளிச்சம் வந்தா, அதை எப்பிடி வரையறதுன்னு மெஷின் அப்பத்தான் உக்காந்து சமைக்குது. அதுக்குப் பேரு ஷேடர். சமைக்கிற நேரத்துல, செகண்டுக்கு வர்ற அறுபது படத்துல நாலஞ்சு கீழ விழுந்துருது. எல்லாத்தையும் முந்தின நாளே சமைச்சு அடுக்கி வச்சிட்டா விக்கல் நிக்கும்." சமைத்து அடுக்கினார், விக்கல் நின்றது, போனஸாக இருபதும் குறைந்தது. புதன்கிழமை மதியம் கெர்னல் என்கிற அடிமடையிலேயே கையை வைத்து ஒரு திருகு திருகினார். பதினைந்து.

மறுபடி படம் பிடித்து எண்ணியவர், கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

"என்ன அத்தான்?"

"மாப்ள, இருந்தது நூத்திப் பதினெட்டு. நான் எடுத்தது கூட்டிப் பாத்தா நூத்தி முப்பத்தொண்ணு."

"அதெப்பிடி? இல்லாததை எப்பிடி எடுப்பிய?"

"எடுத்துட்டேன்லா. பாரு."

பார்த்தார்கள். மெதுநகர்வுப் படத்தில் முதலில் படகு திரும்பியது. பதின்மூன்று மில்லி செகண்ட் கழித்து அமலோற்பவத்தின் விரல் இறங்கியது.

"இல்லாத கடல்ல மீன் புடிச்சிருக்கீரு," என்றார் சூசை மிக்கேல். அவர் வாயிலிருந்து வந்த பாராட்டு அந்த வருடத்தில் அது ஒன்றுதான்.

அமலோற்பவம் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி, நான் அமுக்குததுக்கு முன்னாடி அதுக்கு எப்பிடித் தெரியும்?"

"நீ அமுக்கப் போறதுதானே உண்மை. கொஞ்சம் முன்னாடி கெளம்பி வந்திருக்கு."

"இது கள்ள ஆட்டம் இல்லையா?"

"அடுத்தவளைப் பாத்து எழுதினா காப்பி. உன்னையப் பாத்து நீயே எழுதினா அதுக்குச் சட்டத்துல பேரே கிடையாது."

கொரேரா அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்துவது என்பது அவர் தொழிலில் ஒரு நாளும் சேர்த்தியில்லை. தஸ்நேவிஸும் விடவில்லை. "பதிமூணை வச்சு என்ன அத்தான் செய்ய? யாருக்கும் கண்ணுக்கே தெரியாது. இன்னும் கொஞ்சம் இறக்குங்க." புதன் இரவும் வியாழன் பகலும் கொரேரா இறக்கினார். பூஜ்யத்துக்கு மேலே இருக்கும்வரை ஒவ்வொரு மில்லி செகண்டையும் நெம்பித்தான் எடுக்கவேண்டியிருந்தது. பூஜ்யத்தைத் தாண்டியதும் மலையுச்சியிலிருந்து உருட்டிவிட்ட கல்லைப்போல் அதுவே வேகமெடுத்துவிட்டது. நாற்பது சின்ன மாற்றங்கள், எல்லாம் காலண்டர் தாளில் பதிவு. வியாழக்கிழமை சாயங்காலம் நாலாம் நம்பர் கணினி, நடக்கப்போவதற்கு ஒன்றரை நிமிடம் முன்னாலேயே படத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

எதிராளியின் படகு எங்கே போகுமென்று இந்தக் கணினிக்கு எப்படித் தெரியும் என்று தஸ்நேவிஸ் கேட்டுப் பார்த்தான். "அவன் எங்க போவான்னு அவனுக்குத் தெரியாம இருக்கலாம். படத்துக்குத் தெரியும்," என்று கொரேரா விளக்கிவிட்டார்.

ஊரே வந்து பார்த்தது. வந்த முதல் நாள் கைதட்டினார்கள். அடுத்த நாள் கடை பத்திரப்பதிவு அலுவலகம்போல் அமைதியாகிவிட்டது. பந்தயம் தொடங்குமுன்னே திரையில் பந்தயம் தொடங்கிவிடும். தோற்கப் போகிறவர் தான் தோற்பதைத் திரையில் பார்த்துவிட்டு, மிச்சத்தைக் கடனே என்று அமுக்கிக் கொடுத்துவிட்டு, டீ குடிக்கப் போய்விடுவார். ஜெயிக்கப் போகிறவரும் கொட்டாவி விட்டபடியே ஜெயித்தார். யாரும் யாரையும் திட்டவில்லை. பத்து வருடமாக அந்தச் சந்தில் கேட்ட "விடாதே, விடாதே, உள்ள பூந்து போ" என்ற சத்தம் அடங்கிவிட்டது. சூசை மிக்கேலுக்குக் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அந்த இரண்டு நாளில் அவர் இளைத்துவிட்டார் என்று சொல்கிறார்கள்.

சனிக்கிழமை காலை அமலோற்பவம் கொரேராவின் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, நேத்து பதினாலு பந்தயம் ஓட்டினேன். பதினாலும் ஜெயிச்சேன்."

"தெரியும். பாத்தேன். ஒன்றரை நிமிசம் முன்னாடியே பாத்தேன்."

"ஒண்ணுலகூட நான் ஓட்டலை. படம் ஓட்டுது. நான் அதை ஞாபகம் வச்சிக்கிட்டுப் பின்னாடியே எழுதுதேன். ஐஸ் கம்பெனியில சீட்டு எழுதுத மாதிரியே இருக்கு. அதாவது பரவாயில்லை, நடுவுல நாலு மீன் வாசனையாவது வரும்."

"ஜெயிக்கத்தானே கேட்டே?"

"இழுக்கக் கூடாதுன்னுதான் கேட்டேன். முன்னாடி இழுன்னு கேட்டேனா? எனக்கு ஜீரோவுல வச்சுத் தாங்க. முன்னையும் வேண்டாம், பின்னையும் வேண்டாம். நான் அமுக்குதப்போ அது திரும்பட்டும். அப்பத்தான் தோத்தா நான் தோத்தேன், ஜெயிச்சா நான் ஜெயிச்சேன்."

கொரேராவுக்கு அது நியாயமாகப் பட்டது. பூஜ்யத்துக்குக் கொண்டுபோவது எளிது. எந்தெந்த மாற்றம் எவ்வளவு குறைத்தது என்று எழுதி வைத்திருக்கிறாரே. பின்னாலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பினால் போதும். எழுந்து காலண்டரிடம் போனார். காலண்டரில் சனிக்கிழமை இருந்தது. திங்கள் முதல் வெள்ளிவரை இல்லை.

"மாப்ள, பழைய தாளெல்லாம் எங்க?"

"தினமும் கடை திறந்ததும் முந்தின நாள் தாளைக் கிழிக்கதுதானே மொத வேலை," என்றான் தஸ்நேவிஸ். "தேதி போன தாள் சுவத்துல தொங்கினா கடைக்கு ஆகாது. அதை வச்சு கீபோர்டெல்லாம் தொடைச்சேன். நீங்க ஏதோ எழுதியிருந்திய. ராசிபலனுக்குப் பதில் எழுதுதியன்னு நெனச்சேன்."

முப்பத்தொரு வருடம் எல்லாவற்றையும் எழுதி வைத்தே பழகிய கொரேராவின் தலைக்குள், நினைவு என்ற உறுப்பு எப்போதோ வேலையை ராஜினாமா செய்திருந்தது. நாற்பத்தாறு மாற்றங்களில் அவருக்கு ஞாபகமிருந்தது தோரணம் கட்டுகிறவன் மட்டும்தான்.

"ஒரே ஒரு வழி இருக்கு," என்றார். "எல்லாத்தையும் ஒரே அடியா அழிச்சுட்டு, மெஷினைப் பழையபடி ஆக்குத ஒரு வரி இருக்கு. ஆனா நூத்திப் பதினெட்டும் திரும்ப வந்துரும். சமைச்சு அடுக்கி வச்ச ஷேடரும் போயிரும். அது மறுபடி சமைச்சு முடிக்க நாலு நிமிசம் படம் அசையாம நிக்கும். பெறகு ஒவ்வொண்ணாப் புடிச்சு ஜீரோவுக்குக் கொண்டுவரணும்னா ஒரு வாரம் வேணும்."

பந்தயம் மறுநாள். "அப்போ ரெண்டே வழிதான். பழைய இழுவையில ஓட்டித் தோக்கணும். இல்லேன்னா காப்பியடிச்சு ஜெயிக்கணும்," என்றாள் அமலோற்பவம்.

அன்று மாலை கொரேரா பக்கத்து ஐந்தாம் நம்பர் கணினியிலிருந்து நாலாம் நம்பருக்குள் நுழைந்து, அந்த ஒரு வரியைத் தட்டச்சு செய்து வைத்தார். கடைசி விசையை மட்டும் அமுக்கவில்லை. ஏன் அப்படிச் செய்தார் என்று அவரைக் கேட்டால், வைத்தியன் பையில் கத்தி இருக்கவேண்டாமா என்பார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து கூட்டம் நேராகக் கடைக்கு வந்தது. பந்தயம் பதினொரு மணிக்கு. எட்டுப் படகுகள், ஆறு நிமிடம். பத்து ஐம்பத்தெட்டரைக்கே நாலாம் நம்பர் திரையில் பந்தயம் தொடங்கிவிட்டது. போட்டி நடத்துகிறவர்களின் நேரடி ஒளிபரப்பைத் தஸ்நேவிஸ் தன் கைபேசியில் போட்டு ஒரு மூலையில் சாத்தி வைத்திருந்தான். அது நடப்பதற்கு அரை நிமிடம் பிந்தி வருகிற ஒளிபரப்பு. அதைப் பழைய சோற்றைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு எல்லாரும் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அமலோற்பவம் ஓட்டினாள், அதாவது எழுதினாள். ஒன்றரை நிமிடத்துக்கு முன் பார்த்ததை விரல் செய்துகொண்டிருக்க, கண் அடுத்த ஒன்றரை நிமிடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தது. திரையில் அவளுடைய நீலப் படகு முன்னால் போனது. அரைப் படகு தூரம் பின்னால் புனேக்காரனின் சிவப்புப் படகு. கடைசித் திருப்பம் வந்தது, அவள் இரண்டு முறை தோற்ற இடம். நீலப் படகு அதை அழகாகத் திரும்பியது. எல்லைக்கோடு தெரிந்தது.

கோட்டுக்கு முப்பது மீட்டர் இருக்கும்போது நீலப் படகு நின்றுவிட்டது.

கடிகாரத்தில் மணி பதினொன்று, நாலு நிமிடம், இருபது விநாடி. படகு அசையவில்லை. நீர்த்துளிகள் காற்றில் தொங்கின.

"எஞ்சின் போச்சு," என்றார் சூசை மிக்கேல், தாழ்ந்த குரலில். அதை அவர் சந்தோஷமாகச் சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்யவேண்டும்.

"நான் நிறுத்த மாட்டேன்," என்றாள் அமலோற்பவம். விரல்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. "செத்தாலும் நிறுத்த மாட்டேன். ஏன் நிக்குது?"

"ஒருவேளை நீ நிறுத்தப்போறியோ என்னவோ," என்றான் தஸ்நேவிஸ்.

"நிறுத்த மாட்டேங்கேன்லா." பத்து விநாடி போயிற்று. அவள் குரல் மாறியது. "அண்ணாச்சி, நான் தோக்கப்போறதைப் பாத்துக்கிட்டே எப்பிடி ஓட்ட? கை கனக்கு. கை தன்னால நிக்கப் பாக்கு."

கொரேரா திரையை உற்றுப் பார்த்தார். ரேடாரைப் பார்த்துப் பழகிய கண். தெரிவது ஒன்று, இருப்பது வேறு. முதலில் நீலப் படகைப் பார்த்தார். பிறகு சிவப்புப் படகைப் பார்த்தார். பிறகு சற்றுத் தள்ளிப் பறந்துகொண்டிருந்த கடற்காக்கையைப் பார்த்தார். கடற்காக்கையும் நின்றிருந்தது.

"அமலி, உன் படகு நிக்கலை."

"நிக்குதே."

"சிவப்பும் நிக்குது. காக்கையும் நிக்குது. காக்கைக்கும் எஞ்சினா போச்சு? படகு நிக்கலைம்மா, படம் நிக்குது. திரையில என்ன தெரியப்போவுதோ அதைத்தானே இந்த மெஷின் காட்டும். ஒன்றரை நிமிசம் முடியுறப்போ திரை நிக்கப்போவுது. அவ்வளவுதான்."

"திரை எதுக்கு நிக்கணும்?"

"யாரோ நிறுத்துதான்."

"யாரு?"

கொரேரா தன் வலது கையைப் பார்த்தார். அது ஐந்தாம் நம்பர் கணினியின் மேல், அமுக்காமல் வைத்த அந்தக் கடைசி விசைக்கு அருகில் இருந்தது. "நான்தான் போலிருக்கு," என்றார்.

"நீங்க இன்னும் நிறுத்தலையே அத்தான்."

"இனிமே நிறுத்துவேன்."

"நிறுத்தாம இருந்திருங்களேன்," என்றான் தஸ்நேவிஸ். "யாரு உங்களைக் கட்டாயப்படுத்துதா?"

"நான் நிறுத்தாம இருப்பேன்னா, இப்ப ஏன் மாப்ள நின்னிருக்கு?"

தஸ்நேவிஸுக்கு இன்றுவரை இதற்குப் பதில் கிடைக்கவில்லை.

கொரேரா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "இங்க பாரு. கோட்டுக்கு முப்பது மீட்டர்வரைக்கும் நீ பாத்தது ஞாபகமிருக்கா?"

"இருக்கு."

"அதுவரைக்கும் எழுது. அதுக்கப்புறம் எழுதுததுக்கு ஒண்ணுமே கிடையாது. நாலு நிமிசம் படமே வராது. அந்த முப்பது மீட்டரை நீதான் ஓட்டணும். என்ன வருதுன்னு எனக்கும் தெரியாது, மெஷினுக்கும் தெரியாது."

நாலு நாளில் முதல் தடவையாக அமலோற்பவம் சிரித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நின்றுபோன படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கை கனக்கும் என்பதால் மூடினாளா, முன்பு பார்த்ததை உள்ளே தேடுவதற்காக மூடினாளா என்று தெரியவில்லை. கூட்டத்தில் ஒருவர் இருமப் போய் நிறுத்திக்கொண்டார். கொரேரா கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும் என்ற சட்டத்தை இத்தனை வருடத்தில் முதல் தடவையாக மீறி, பதினொன்று ஐந்து ஐம்பதுக்கு, நாற்பத்தாறையும் ஒரே விரலால் அழித்தார்.

திரையில் ஒன்றும் மாறவில்லை. அதே படகு, அதே காக்கை.

அமலோற்பவத்தின் விரல்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. இப்போது அவை எழுதவில்லை. பார்த்தவர்களுக்கே வித்தியாசம் தெரிந்தது: விரல் யோசித்தது, தயங்கியது, சட்டென்று துணிந்து இடதுபக்கம் ஒரு சொடுக்குச் சொடுக்கி விட்டது. அலை ஏறுகிறவள்போல் உடம்பு முன்னால் சாய்ந்தது. ஐந்து விநாடி, ஆறு, ஏழு. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தாண்டிட்டியா?" என்று கேட்டார் சூசை மிக்கேல்.

"தெரியலை," என்றாள் அவள்.

தெரியவில்லை என்ற சொல்லை அந்தக் கடை கேட்டு வெகுநாளாகியிருந்தது. திரை நின்றேயிருந்தது. அப்போதுதான் யாருக்கோ மூலையில் கிடந்த கைபேசியின் ஞாபகம் வந்தது. அரை நிமிடம் பிந்தி வருகிற பழைய சோறு. பாய்ந்துபோய் எடுத்தார்கள். உள்ளங்கை அகலத் திரையில் நீலப் படகு அப்போதுதான் கடைசித் திருப்பத்துக்கு வந்துகொண்டிருந்தது. அறுபது பேர் ஒரு கைபேசிக்குள் தலையைவிடப் பார்த்தார்கள். முடிந்துபோன பந்தயம்தான், ஆனால் யாருக்கும் முடிவு தெரியாது.

"விடாதே," என்றார் ஒருவர், மெதுவாக. பக்கத்திலிருந்தவர் அதைவிடக் கொஞ்சம் உரக்கச் சொன்னார். சூசை மிக்கேல், "ஏ மூதி, இடது பக்கம் அலை வருது பாரு, உனக்குக் கண்ணு எங்க இருக்கு?" என்று ஏற்கெனவே ஓட்டி முடித்து அருகிலேயே நின்றவளைப் பார்க்காமல் கைபேசியைத் திட்டினார். சந்து முழுவதும் சத்தம் எழும்பியது. அமலோற்பவமும் கூட்டத்துக்குள் புகுந்து எட்டிப்பார்த்து, "இடது பக்கம், இடது பக்கம்," என்று தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். சிவப்புப் படகு உள்பக்கமாக நுழைந்தது. நீலம் அலைமேல் இடதாக ஒரு சொடுக்குச் சொடுக்கி அதன் மூக்கை மறித்தது. இரண்டும் ஒன்றாகக் கோட்டைத் தொட்டன.

நீலம் நாற்பது மில்லி செகண்ட் முன்னால்.

அந்தச் சத்தத்தில் மின்விசிறி நின்றுபோனதாகச் சிலர் சொல்கிறார்கள். அது மிகை; வேகம்தான் குறைந்தது.

அரைமணி நேரம் கழித்துப் போட்டி நடுவர் தொலைபேசியில் வந்தார். மதுரைக்காரர். "ஒரு சந்தேகம்மா. கடைசி ஏழு விநாடி உங்க மெஷின் ஒரு படம்கூட வரையலைன்னு எங்க பதிவுல இருக்கு. திரையே இல்லாம எப்படி ஓட்டுனீங்க?"

"ரெண்டு வருசமா படம் வாரதுக்கு முன்னாடியே திருப்பித் திருப்பிப் பழகிட்டேன் சார். நூத்திப் பதினெட்டு மில்லி செகண்ட் முன்னாடி. ஏழு விநாடி கொஞ்சம் கூடுதல்தான்."

பழைய இரண்டு பந்தயங்களின் பதிவையும் எடுத்துப் பார்ப்பதாக நடுவர் சொன்னார். மறுநாளே பார்த்துவிட்டு எழுத்தில் தெரிவித்தார்: அவள் இரண்டு முறையும் சரியான நேரத்தில்தான் திருப்பியிருக்கிறாள், படம்தான் பிந்தியிருக்கிறது. அந்தக் கடிதத்தை அமலோற்பவம் ஐஸ் கம்பெனி வாசலில் ஒட்டினாள். பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள்ளும் ஒரு பிரதி போனது.

நாலாம் நம்பரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரட்டுமா என்று கொரேரா கேட்டார். அணியோடு புறப்படுவதற்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவள் வேண்டாமென்றுவிட்டாள். "கொஞ்சம் இழுக்கட்டும் அண்ணாச்சி. அமுக்கினதுக்கும் திரும்புததுக்கும் நடுவுல, 'திரும்பிருமா'ன்னு ஒரு துடிப்பு இருக்கு பாருங்க. அது இல்லாம நாலு நாள் இருந்து பாத்துட்டேன்."

இவ்வளவும் நடந்தது நடந்தபடியே. ஐயமுள்ளவர்கள் மின்வாரிய அலுவலகத்துக்குப் போய் 'விடிவெள்ளி கேமிங் சென்டர்' என்று சொல்லிக் கேட்டால், பதிவேட்டை எடுத்துக் காட்டுவார்கள். அந்தக் கடைக்கு முதன்முதலாக மின் இணைப்பு கொடுக்கப்பட்ட தேதி அதில் தெளிவாக இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஏழு மாதம் கழித்து.